இனத்துக்கு நிறுத்தும் சேவல்

எட்டயபுரம் சந்தை. ஆட்டுக்குப் பேர்போன இடம்தான், ஆனாலும் ஓரமாகச் சேவல்களும் வரும். கிளிமூக்கு விசிறிவால் அசில் சேவல் ஒன்றைத் தூக்கி வாலை நீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “வாலு கெடக்கட்டும் அண்ணாச்சி, இதப் பெத்த கோழியப் பாத்தியளா?” என்றார். சேவல் வாங்கப் போகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

*

சேவல் முட்டையிடாது. ஆனால் தன் தாயின் முட்டைக் குணத்தைத் தன் பெட்டைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். அசில் பெட்டை ஆண்டுக்கு நூறு முட்டைகூட எட்டாத இனம். அதனால் தாய் ஓர் ஈட்டுக்கு எத்தனை முட்டை வைத்தது, ஒழுங்காக அடை கிடந்ததா, பொரித்ததில் எத்தனை குஞ்சைத் தேற்றியது என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சேவலின் கூடப்பிறந்தவை வெள்ளைக்கழிச்சலில் போனதா, நின்றதா என்பதும் சேர்த்தி.

*

எங்கள் பக்கத்துக் கடற்கரை முத்துக் குளித்த கரை. முத்தைச் சல்லடையில் சலித்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும். அதன் மதிப்பு முழுக்க வெளியே இருக்கிறது. சேவலுக்கு அப்படி இல்லை. பாதி மதிப்பு கண்ணுக்குத் தெரியாது, குஞ்சில்தான் வெளியே வரும்.

*

கையில் எடுத்தால் பார்ப்பவை: நெஞ்செலும்பில் விரலை ஓட்டினால் கோணல் தட்டக்கூடாது. கால்விரல்கள் நேராக நிற்க வேண்டும். பின்விரல் முன்பக்கம் திரும்பியிருந்தால் வேண்டாம். இறக்கையை விசிறி போல் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஓர் இறகு இல்லாமல் சந்து விழுந்திருந்தால் அது பரம்பரைக் குறை. இறக்கையை மடக்கிவிட்டால் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. சந்தையில் யாரும் விரித்துக் காட்டுவதும் இல்லை. அசிலுக்குக் கண் முத்துப் போல் வெளுத்திருக்க வேண்டும். இளம் சேவலுக்கு மஞ்சள் ஓடியிருக்கும், வயது ஏற ஏற வெளுக்கும். ஆறு மாதத்தில் மஞ்சள் கண் என்று கழித்துவிடுவது அவசரம்.

பிறகு இறக்கிவிட்டு, பெட்டைகளோடு நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு தானியத்தைக் கொத்தி, கீழே போட்டு, “கொக்கொக்” என்று பெட்டையைக் கூப்பிட்டு, அது தின்னும்வரை நிற்கிற சேவல் எனக்குப் பிடிக்கும். ஆளைப் பாய்ந்து கொத்துவது எவ்வளவு அழகாக இருந்தாலும் கூட்டத்துக்கு ஆகாது.

*

அடுத்தது பூ, அதாவது கொண்டை. அசிலுக்குத் தலையோடு ஒட்டிய, மூன்று வரி வைத்த சின்னப் பூ. கத்திப்பூ வைத்த குஞ்சு விழுந்தால் பெட்டை மேல் பழி போடுவார்கள். அது நியாயமில்லை. 1902இல் இங்கிலாந்தில் பேட்சன் என்ற உயிரியலாளர், மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டியதே கோழிப் பூவை வைத்துத்தான். ஒட்டுப்பூ மேலோங்கும், கத்திப்பூ உள்ளே பதுங்கும். அப்பன் ஆத்தா இரண்டிலும் அது பதுங்கியிருந்தால்தான் குஞ்சில் கத்திப்பூ வரும். அப்படி ஒரு குஞ்சு விழுந்தால் சேவலையும் விலக்க வேண்டும்.

*

சேவல்கட்டில் ஜெயித்தது என்று சொல்லி விலை கேட்கிறார்கள். ஒரு நாள் சண்டையில் ஒரு சேவலின் கதை மட்டும்தான் தெரியும். அந்த வெற்றிக்கு நான் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன்.

*

பெரும்பாலான வீடுகளில் ஒரே சேவல், பத்துப் பெட்டை. பார்வைக்குப் பதினொன்று. ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுப்பது மரபியல் கணக்கு. நாற்பதைப் பதினொன்றால் வகுத்தால் 3.6. இரத்தக் கணக்கில் அந்தக் கூட்டம் நான்கு பறவைகூட இல்லை! சேவல் மூன்றானால் 9.2 ஆகிவிடும். எத்தனை சிறந்த சேவலானாலும் ஒன்றை மட்டுமே நம்பி இனத்தைக் காக்க முடியாது. மகள்கள் மேலேயே அதைத் திரும்ப விட்டால் பொரிப்பு குறையும், குஞ்சு சோரும். அசில் சேவல்கள் ஒன்றாக இராது. தனித்தனிக் கூண்டு, தனித்தனிப் பெட்டைகள் என்று பிரித்துத்தான் ஆக வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

அசிலின் இரத்தம் கலந்துதான் இங்கிலாந்தின் கார்னிஷ் இனம் உருவானது. பிராய்லரின் நெஞ்சுக்கறி கார்னிஷ் வழி வந்தது. உலகத்துக்கே நெஞ்சு கொடுத்த இனம் விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் பக்கம் ஒற்றைச் சேவலில் தொங்குவது எனக்குத் தாங்கவில்லை.

*

கரையோரம் வளர்ப்பவர்களுக்கு: உப்புப் போட்ட கருவாட்டுக் கழிவைச் சேவலுக்கு அள்ளிப் போடாதீர்கள். தண்ணீராகக் குடித்துக் கழியும், அளவு மீறினால் சாகும். உப்பில்லாமல் காய்ந்த மீன் தூள் என்றால் தீவனத்தில் கொஞ்சம் சேர்க்கலாம்.

அக்கினி நட்சத்திரத்தில் கூமுட்டை கூடினால் உடனே சேவலைக் குற்றம் சொல்ல வேண்டாம். வெக்கையில் சேவலின் விந்து கெடும். நிழல், குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, வெயில் தணிந்த பிறகு வைத்த முட்டைகளை ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

*

சேவலை மாற்றினால், பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அந்த மூன்று வார முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். அடைக்கு வைத்தால் குஞ்சுக்கு அப்பன் யார் என்று எழுத முடியாது. புதுச் சேவல் விட்ட தேதியைக் கூண்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிவைக்க வேண்டும்.