யாருக்குச் சொல்ல வேண்டாம்?

காரவல்லியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வேனில் பன்னிரண்டு பெண்கள். எங்கள் இரண்டாவது இலங்கைப் பயணத்துக்குத் திட்டமிடத்தான் மலையேறினோம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று மூன்று ஊர், எட்டு இரவு. தொலைபேசியிலேயே பேசி முடித்திருக்கலாம்தான். ஆனால் யாரும் ஒட்டுக் கேட்காமல் பேச எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் இடமில்லை.

முதல் பயணத்தின் அட்டவணையை நான்தான் தயாரித்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், அறை எண், கடைசியில் 'அவசரத் தொடர்பு'. அந்தக் கட்டத்தில் எல்லோரும் கணவர், அப்பா, மகன் என்று எழுதினோம். நானும்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. கை தானாகவே ஓர் ஆணின் பெயரை எழுதிவிடுகிறது.

கண்டியில் ஒரு நள்ளிரவு, சர்க்கரை நோயுள்ள தோழி வியர்த்துச் சரிந்தாள். நான் அட்டவணையைப் பார்த்து அவள் கணவரை அழைத்தேன். "நாந்தான் அப்பவே போக வேண்டாம்னு சொன்னேன்ல?" என்றார். மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னது, இரண்டு நாள் பழக்கமே உள்ள அறைத்தோழி. "ராத்திரி மாத்திரை போட்டுக்கிட்டாங்க டீச்சர். கொத்து ரொட்டி காரம்னு ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடல." அவள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே விடுதிக் காவலர் 1990ஐ அழைத்தார். இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கப்பட்ட இலவச ஆம்புலன்ஸ் சேவை அது. என் அட்டவணையில் பன்னிரண்டு ஆண்களின் எண்கள் இருந்தன, 1990 இல்லை.

தோழி மறுநாளே தேறிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தப் பயணத்துக்கும் வரவில்லை. கொல்லிமலைக்குக்கூட விடவில்லை. அவள் வாசலை அடைத்தது நோயல்ல, நள்ளிரவில் நான் செய்த அந்த அழைப்பு.

மலையில் மறுநாள் காலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாதி இறங்குவதற்குள் எங்கள் அலைபேசிகளில் சிக்னல் போய்விட்டது. இரண்டிரண்டு பேராகக் கைபிடித்து இறங்கினோம். ஒருத்தி வழுக்கினால் இழுத்துப் பிடிக்கப் பக்கத்தில் இருப்பவளால்தான் முடியும்.

வகுப்பில் ஆண்டுதோறும் மலைபடுகடாம் நடத்துகிறேன். ஆற்றுப்படை என்பது பரிசு பெற்றுத் திரும்புபவன் வறியவனுக்கு வழிகாட்டுவது என்று தேர்வுக்கு எழுதச் சொல்கிறேன். அந்தப் படிகளில்தான் அதன் இன்னொரு முகம் தெரிந்தது. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் சொல்வதில் பெரும்பகுதி, பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாதை எது, இரவில் எங்கே தங்கலாம், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்பதுதான். அந்தக் கூட்டத்தில் விறலியரும் நடக்கிறார்கள். போய் வந்தவர் போகிறவருக்குக் கொடுக்கும் வழிக்குறிப்பு அது.

அன்று மாலை செம்மேட்டில் புதிய தாள் போட்டோம். நான்கு கட்டங்கள்.

முதலாவது, உடனிருப்பவள். அறைத்தோழிகள் ஒருவர் மற்றவரின் மாத்திரைப் பட்டியல், ரத்த வகை, பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு எண் ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தந்த ஊர். ஆட்டோக்காரரிடம் காட்ட விடுதி முகவரி சிங்களத்திலும் தமிழிலும். ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119. கொழும்பில் இந்தியத் தூதரகம், கண்டியில் உதவித் தூதரகம், யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம். விடுதியை முடிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பாரா, மருத்துவமனை எவ்வளவு தூரம்.

மூன்றாவது, வீட்டில் யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும். தலைசுற்றலுக்கா, மருத்துவமனையில் சேர்த்த பிறகா என்பதை அவரவரே எழுத வேண்டும்.

நான்காவது, யாருக்குச் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடைசிக் கட்டத்தைச் சொன்னதும் ஒருத்தி சிரித்தாள். "புருஷனுக்குச் சொல்லாம மறைக்கிறதா?" என்றாள் இன்னொருத்தி. "மறைக்கச் சொல்லல. யாருகிட்டச் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்" என்றேன். சற்று நேரம் விவாதம் நடந்தது. பிறகு எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

தாள்களை வாங்கி அடுக்கும்போது பார்த்தேன். எட்டுப் பேர் நான்காவது கட்டத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். அதிகம் பேசாத ஒருத்தியின் தாளில் மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. நான்காவதில் மட்டும் அழுத்தி எழுதிய ஒரே ஒரு பெயர். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், மூணாவதுல உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

பேனாவைக் கொடுத்தேன்.