அம்மாவின் நாற்காலி இருந்த இடம்

சென்னையில் என் வீட்டுக் கிதார் பதிவுக்கு மார்கழியும் தையும்தான் காலம். மற்ற மாதங்களில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உட்கார முடியாது; விரல் வியர்த்துத் தந்தியில் நழுவும். ஃபேனை ஓடவிட்டால் பதிவு செய்வதில் அர்த்தமே இல்லை. ஸ்டீல் தந்திக் கிதார் என்றால் அந்தச் சத்தத்தை மீறிக் கணீரென்று கேட்டுவிடும். நைலான் தந்தியின் குணம் வேறு. நகமும் சதையும் சேர்ந்து தந்தியை விட்ட கணத்தில் ஓசை உருண்டு எழுகிறது. பிறகு மெல்லத் தேய்ந்து அறையின் அமைதிக்குள் போய்ச் சேர்கிறது. அந்தத் தேய்வில்தான் இந்த வாத்தியத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைப் பிடிக்காத பதிவு எனக்குப் பதிவாகவே படுவதில்லை.

மார்கழியிலும் விடியற்காலை நாலரைக்கெல்லாம் தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆக, இரவு பதினொன்றுக்கு மேல், தெருவில் வண்டிகள் அடங்கிய பிறகு உட்கார்ந்தால் உண்டு.

முதல்முறை அப்படி உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தது, மெல்லிசைக் குழுவில் பாடும் நண்பர் கொடுத்த டைனமிக் மைக். மேடையில் பல வருடம் உழைத்தது. ஓசை எங்கிருந்து வருகிறதோ அங்கே வைப்பதுதானே நியாயம் என்று, கிதாரின் ஒலித்துளைக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் அதை நிறுத்தினேன். இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ சோரின் சின்ன எட்யூட் (பயிற்சிப் பாடம்) ஒன்றை வாசித்துப் பதிந்து, மறுநாள் காலை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன்.

அம்மாவுக்கு மேற்கத்திய சங்கீதம் எதுவும் தெரியாது. நான் வாசிப்பது மட்டும் தெரியும். தினமும் சாயங்காலம் ஹாலில் நான் சாதகம் செய்யும்போது, எதிரே ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், பூக்கட்டுவாள்.

"தம்பி, நீ வாசிக்கிறது இது இல்லியே. பானைக்குள்ள வாய வச்சுப் பேசுற மாதிரில்ல இருக்கு."

அவள் சொன்னது உவமை என்றுதான் அன்று நினைத்தேன். பின்னால் படித்துப் பார்த்தபோது அது அப்படியே பௌதிகம் என்று தெரிந்தது. கிதாரின் உடல் ஒரு பானை. ஒலித்துளை அதன் வாய். பானை வாயில் ஊதினால் அதற்கென்று ஒரு சுருதியில் 'ஊம்' என்று கேட்குமே, கிதாருக்குள் அடைபட்ட காற்றுக்கும் அப்படி ஒரு சுருதி உண்டு. கிளாசிகல் கிதார்களில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடிக்கும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். என் பதிவில் அந்த ஜி வந்த இடமெல்லாம் வீங்கிக்கிடந்தது, பக்கத்து ஸ்வரங்கள் ஒடுங்கிக்கிடந்தன. போதாக்குறைக்கு, முன்பக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு வகை மைக் எதையுமே வாத்தியத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் மந்தர ஓசையைத் தானாகவே தூக்கிவிடும். துளையின் வீக்கமும் மைக்கின் வீக்கமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

சரி, தள்ளி வைப்போம் என்று இரண்டடி தூரத்தில் வைத்தேன். வீக்கம் வடிந்தது. ஆனால் கிதார் சன்னமாகிவிட்டது. அதை ஈடுகட்ட, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் கெயினைத் திருகியதும், தூரத்தில் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல் கிளம்பி அடியிலேயே நின்றது. ஓசை தேய்ந்து போய்ச்சேர வேண்டிய அமைதி அங்கே இல்லை.

அந்த மைக்கின் மேல் குற்றமில்லை. டைனமிக் மைக் உரத்த ஓசைக்குப் பொருத்தமானது. 1965இல் வந்து இன்றும் மேடைதோறும் நிற்கும் ஷுர் எஸ்எம்57-ஐ எடுத்துக்கொண்டால், ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு அது தருவது ஏறக்குறைய 1.6 மில்லிவோல்ட். அதே அழுத்தத்துக்கு, வீட்டுப் பதிவாளர்கள் பலர் முதலில் வாங்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற, சன்னமான ஓசையையும் வாங்கும் கன்டென்சர் வகை மைக் 14 மில்லிவோல்ட் தரும். டிரம்முக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அந்த 1.6 தாராளம். இரண்டடி தள்ளி நிற்கும் நைலான் தந்திக்கு, மீதியை இன்டர்ஃபேஸ்தான் இழுத்துக் கொடுக்க வேண்டும். இழுக்கும்போது அதன் இரைச்சலும் கூடவே வரும்.

ஒரு வருடம் பதிவை அப்படியே போட்டுவைத்தேன். பிறகு ஒருநாள், என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மறு காதால் அறையெங்கும் தேடினேன். மைக் ஒற்றைக் காதுதானே. பிரிட்ஜ் பக்கம் குனிந்தால் மரக்கட்டையைத் தட்டுவதுபோல வறண்டிருந்தது. துளைக்கு நேரே பழைய பானை. இடதுகைப் பக்கம் போனால் சுற்றுக்கம்பித் தந்திகளில் விரல் வழுக்கும் கீச்சொலி முன்னால் வந்தது. கழுத்தும் உடலும் சேரும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு எதிரே, இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி, காதைச் சற்றே துளைப் பக்கம் திருப்பியபோது எல்லாம் ஒன்றுகூடியது. மேல் தந்திகளின் தேன், அடித்தந்திகளின் கனம், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் அறை. நிமிர்ந்து பார்த்தால் என் முட்டி ஒயர் நாற்காலியில் இடித்துக்கொண்டிருந்தது. அம்மா இத்தனை வருடமாக உட்கார்ந்து கேட்ட இடம் அது. அவள் காது இருக்கும் உயரமும் அதுவே.

மைக்கை எங்கே வைப்பது என்ற கேள்வி அன்று முடிந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் கேட்கக்கூடிய மைக் எது என்ற கேள்விதான் மிச்சம்.

கன்டென்சர் மைக் வாங்குபவர்கள் பெயரையும் படத்தையும் பார்க்கிறார்கள். நைலான் தந்திக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி செல்ஃப் நாய்ஸ், அதாவது எதுவும் ஒலிக்காதபோது மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல். ஏடி2020-க்கு அது 20 டெசிபல். ரோட் என்டி5 என்ற சின்ன டயஃப்ரம் மைக்குக்கு 16. ஸ்டூடியோக்கள் கொண்டாடும் நாய்மன் கேஎம்184-க்கு 13. அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த ரோட் என்டி1-ஏ-வுக்கு வெறும் 5. இந்த எண்களை முதன்முதலாக வரிசையாகப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் இல்லாதவனுக்கும் அமைதி கிடைக்கும் என்று ஒரு விவரத்தாள் சொல்கிறது! கேஎம்184-இன் விலை வேறு குணங்களுக்கானது. பக்கவாட்டிலிருந்து வரும் ஓசையையும் நிறம் மாறாமல் வாங்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இருப்பது ஒரு மைக்குக்கான காசு என்றால், நான் இரைச்சல் குறைந்ததைத்தான் வாங்கச் சொல்வேன். மலிவான ஜோடி வாங்கி ஸ்டீரியோ செய்யும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். அமைதியான ஒற்றை மைக்குக்குப் பிறகு வரட்டும்.

நான் வாங்கியது, ஒருவர் பாட்டுக்காக வைத்திருந்து விற்ற பெரிய டயஃப்ரம் மைக். விலை குறைந்த கன்டென்சர்கள் பலவற்றில், பாட்டில் சொல் துலங்க வேண்டுமென்று உச்ச ஓசையைத் தூக்கிவைத்திருப்பார்கள். இதிலும் அப்படித்தான், நகம் தந்தியைத் தொடும் சத்தம் காகிதம் உரசுவதுபோல வந்தது. மைக்கை நேராகப் பார்க்கவிடாமல் முப்பது டிகிரி போலத் திருப்பினேன், உரசல் தணிந்தது. நகத்தையும் நுண்ணிய உப்புத்தாளில் இன்னும் கொஞ்சம் இழைத்துக்கொண்டேன். அதிலும் பாதி தணிந்தது.

இவ்வளவு குறைந்த காசுக்கு இப்படியொரு காது எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்தால், தந்தியின் கதையும் மைக்கின் கதையும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்வது தெரிகிறது. கிளாசிகல் கிதாரின் மேல் தந்திகளுக்கு நூற்றாண்டுகளாக ஆட்டுக்குடல்தான். இரண்டாம் உலகப் போரில் குடல் இழை பெருமளவு காயம் தைக்கப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிதார் கைவினைஞர் நைலான் இழையைத் தந்தியாக்கிப் பார்த்தார். கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று வாசித்தார். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மெல்லிய படலத்தில் மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தங்கவைத்து எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். நம் பழைய கைப்பேசி மைக்குகளுக்கும் ஏடி2020 போன்றவற்றுக்கும் வேர் அங்கேதான். ஆய்வகத்தில் பிறந்த ஓர் இழை ஒலிக்கிறது, ஆய்வகத்தில் பிறந்த ஒரு படலம் கேட்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் என் போன்றவன் வீட்டில் கிளாசிகல் கிதாரும் இருந்திருக்காது, பதிவும் இருந்திருக்காது.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கன்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகாது. ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும். நான் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகும் டப்பாவில் வைக்கிறேன். தரைக்கு ஜமக்காளம், முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி, எதிர்ச்சுவரில் கொடியில் போட்ட இரண்டு கம்பளி. அறைக்கு என் செலவு அவ்வளவுதான்.

போன தை மாதம், ஒயர் நாற்காலியை நகர்த்திவிட்டு அதே இடத்தில் ஸ்டாண்டை நட்டு, அம்மாவின் காது உயரத்துக்கு மைக்கை இறக்கி, அதே எட்யூடை வாசித்தேன். காலையில் ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி ஸ்வரம் தேய்ந்து போனபிறகும் கழற்றவில்லை. விரல் மட்டும் உயர்ந்து, பொறு என்றது.

"பல்லி சொல்லுச்சே, கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு முடிவை மறுபடி ஓடவிட்டேன். மேல் இ தந்தி தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போய், அதற்கும் அப்பால், புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்று முறை.