அதிர்வைத் தாங்குபவர் யார்?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. ஜவ்வாது மலையில், அணைக்கட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பேறுகால வேதனையுற்ற இளம்பெண் ஒருத்தியை எங்கள் பங்கின் வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு பாரவண்டி அது. மாதம் இருமுறை அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு காட்பாடியிலிருந்து மலைக்குச் செல்வது வழக்கம். ஓட்டுநர் விடுப்பில் இருந்தமையால் அன்று ஓட்டியவன் நானே. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி விழுந்து, எழுந்து, மீண்டும் மீண்டும் துள்ளியது. பின்னிருக்கையில் மருமகளை மடிமேல் தாங்கியிருந்த மாமியார், "மெள்ளப் போ சாமி, மெள்ளப் போ சாமி" என்று மன்றாடிக்கொண்டே வந்தார்.

ஆண்டவர் அருளால் தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் அந்த மன்றாட்டு என் காதைவிட்டு அகலவில்லை. வண்டியின் அதிர்வுதாங்கிகள், அதாவது பணிமனையில் ஷாக் அப்சர்பர் என்று வழங்குபவை, கெட்டுவிட்டன என்று ஓட்டுநர் தம்பி ஆறு மாதங்களாகவே சொல்லிவந்தார். தேர்த் திருவிழா விளக்கு அலங்காரம் முதலில் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான். மின்விளக்குகள் மூன்று இரவுகள் ஒளிர்ந்தன. அவற்றின் விலையை அந்தப் பெண் மலைப்பாதை நெடுகிலும் தன் உடலால் செலுத்தினாள்.

அன்பார்ந்த வாசகர்களே, இம்மலைகளில் பாதை என்பது உயிர்ப் பிரச்சினை. 2023 மே மாதத்தில் அல்லேரி மலைச் சிற்றூர் ஒன்றில் பாம்பு தீண்டிய கைக்குழந்தை இறந்ததும், சாலை வசதி இல்லாமையால் அக்குழந்தையின் உடலைத் தாய் சுமந்து நடக்க நேர்ந்ததும் நாடறிந்த துயரச் செய்தி. அங்கே செல்லும் வண்டியைச் செவ்வையாக வைத்திருப்பதும் நம் கடமையே என்று காலந்தாழ்ந்து உணர்ந்தேன்.

அடுத்த வாரமே பணிமனைக்குச் சென்றேன். வயது முதிர்ந்த மேஸ்திரி வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டார். நல்ல வண்டி ஒருமுறை எழுந்து அடங்கிவிடும். எங்கள் வண்டியோ தொட்டில்போல் ஆடியது. கீழே குனிந்து பார்த்தால் குழாயின் மேல் எண்ணெய் வழிந்த கறை. "இது செத்து ரொம்ப நாளாச்சு சாமி" என்றார்.

பாரத்தைத் தாங்குவது அதிர்வுதாங்கி என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அது தவறு. பாரத்தைத் தாங்குவன கமான் பட்டைகள். பட்டை வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஆகவே வண்டி துள்ளும். அதிர்வுதாங்கியினுள் எண்ணெய் நுண்ணிய துளைகள் வழியே நெருக்கிப் பாய்கிறது. அந்நெருக்கத்தில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

வண்டியுடன் வந்தவற்றுக்கு மாற்றாகக் கடையில் மூன்று வகைகள் இருந்தன. முதல் வகை, குழாய்க்குள் குழாயாக எண்ணெய் மட்டும் நிரப்பியது. விலை குறைவு, ஆனால் கரடுமுரடான பாதையில் இடைவிடாது ஓடினால் எண்ணெய் நுரைத்துப் பிடிமானம் தளரும். இரண்டாவது, அதே இரட்டைக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவும் சேர்ந்தது. நுரைப்பது குறையும், விலை சற்று அதிகம். மூன்றாவது, உயர்ந்த அழுத்தத்தில் வாயு அடைத்த ஒற்றைக் குழாய். மிதக்கும் தட்டு ஒன்று எண்ணெயையும் வாயுவையும் பிரித்து வைக்கும். ஒரே சுவராகையால் வெப்பம் விரைவில் வெளியேறும். ஜெர்மனியின் பில்ஸ்டீன் போன்ற நிறுவனங்கள் இவ்வகையால் பெயர் பெற்றவை. விலையோ பன்மடங்கு.

விலை மிகுந்ததே சிறந்தது என்று நான் மூன்றாவதைச் சுட்டினேன். மேஸ்திரி சிரித்தார். "பாலைவனத்துல பந்தயம் ஓட்டினா இது வேணும் சாமி. நீங்க மலையிலே மெதுவாத்தானே போறீங்க? சூடு அவ்வளவு ஏறாது. ஒத்தைக் குழாயிலே கல்லு பட்டு நசுங்கினா உள்ளே பிஸ்டன் சிக்கிக்கும். ரெட்டைக் குழாய்னா வெளிச்சுவரு கொஞ்சம் நசுங்கினாலும் உள்குழாய் வேலை செய்யும்." பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தைத்தது: "பின்னாலே உட்காருறது யாரு?"

அதுவரை ஓட்டுபவனை மட்டுமே நினைத்திருந்தேன். பின்னால் அமர்பவர் நோயாளிகளும் கருவுற்ற பெண்களும். மிக விறைப்பானவற்றை மாட்டினால், பாரம் குறைந்த நாளில் ஒவ்வொரு கல்லும் அவர்கள் முதுகில் இடிக்கும். ஆகவே இரண்டாவது வகையையே நான்கு சக்கரங்களுக்கும் மாட்டினோம். ஓர் அச்சில் ஒன்றை மட்டும் மாற்றலாகாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கமான் பட்டைகளையும் பிரித்துத் துலக்கி, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார்.

வேலைக்கிடையே இன்னொன்றும் சொன்னார். செயற்கை ரப்பர் பரவுவதற்கு முன் இயந்திரங்களின் எண்ணெய் கசியாமல் காத்த வளையங்களில் பல, பதனிட்ட தோலால் ஆனவை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் வாடையோடு வாழும் நம் மக்களுக்கு இது பெருமைக்குரிய செய்தியன்றோ!

வீடு திரும்பும்போது என் மனம் நம் குடும்பங்களைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அதிர்வுதாங்கி உண்டு. கணவனின் சினம், பிள்ளைகளின் பிடிவாதம், கடன்காரனின் சொல் யாவற்றையும் வாங்கி, திருப்பிக் கொடுக்காமல், தம்முள் வெப்பமாக்கி அடங்குபவர் ஒருவர். பெரும்பாலும் அவர் தாயாகவே இருப்பார். அவருக்குள் எண்ணெய் கசிவதை நாம் காண்பதில்லை, வண்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறதே! ஒரு மாலைப் பொழுதேனும் அருகில் அமர்ந்து அவர் நலத்தைக் கேளுங்கள். அதிர்வுதாங்கிகள் இணையாகவே பொருத்தப்படுகின்றன என்பதைக் கணவர்மாரும் மனத்திற் கொள்ளட்டும்.

நல்ல சமாரியன் காயப்பட்டவனைத் தன் விலங்கின் மேல் ஏற்றினான் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவன் அவ்விலங்கை மெள்ள நடத்தியிருப்பான் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன். உதவி செய்தால் மட்டும் போதாது. உதவி பெறுபவருக்கு வலிக்காமலும் செய்ய வேண்டும்.

சென்ற மாதம் அதே மாமியார் பேரக்குழந்தையுடன் தடுப்பூசிக்காக எங்கள் வண்டியில் இறங்கி வந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். குழந்தையை மார்போடு அணைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்.