முதுகுக்குப் பின்னே ஓர் இடம்

காங்கேயத்தை அடுத்த எங்கள் அம்மிச்சி ஊரில், கிளுவை வேலி அடைத்த கொறங்காடு ஒன்று உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களுமாக விரிந்த அந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஒரு தட்டைப் பாறை. அதன்மீது ஆடு புலி ஆட்டத்தின் கோடுகள் கீறப்பட்டிருந்தன. கீறியவர் யாரென்று அப்புச்சிக்கும் தெரியாது. கோடை விடுமுறையில் புளியங்கொட்டைகளும் மூன்று கூழாங்கற்களுமாக அந்தப் பாறையே நமக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். இடையே மூன்று குறுக்குக் கோடுகள் இருபுறமும் வெளியே நீண்டு, ஓரங்களில் நிலைக்கோடுகளால் இணைந்து ஒரு சட்டமாகும். கோடுகள் கூடும் இடங்கள் மொத்தம் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலிகள் உச்சியிலும் அதன் அருகிலும் முதலிலேயே அமர்ந்துவிடும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ ஒவ்வொரு முறையும் நகரும். ஆட்டுக்கு நேர் பின்னே காலியிடம் இருந்தால் புலி தாண்டிக் கொன்றுவிடும். மூன்று புலிகளையும் அசையவொட்டாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி.

புலியாக ஆடுவதற்குப் பெரிய கல்வி வேண்டாம்; பசியும் பொறுமையும் போதும். ஆடுகளை ஆளுபவருக்கே அறிவு வேண்டும். 1970களின் இறுதியில், நமக்கு 11 வயதிருக்கும்போது, அப்புச்சி ஒரு பந்தயம் வைத்தார். நாம் ஆடு, மாமன் மகன் புலி. வென்றவருக்குப் பட்டியிலுள்ள குட்டிகளில் ஒன்று. குட்டியையும் நாம் முன்னரே தேர்ந்தெடுத்திருந்தோம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உடையது. ஆறு ஆடுகளை ஒழுங்காக இறக்கினோம். ஏழாவதை, புலியை மறிக்கும் ஆவலில், நட்டநடுவே வைத்தோம். அதன் பின்னே காலியிடம். ஒரே தாவல். பழிவாங்க எட்டாவதையும் அங்கேயே வைத்தோம். அதுவும் போயிற்று. ஐந்து ஆடு போனால் ஆட்டம் போயிற்று என்பது அப்புச்சியின் கணக்கு. வெள்ளைச் சுட்டி மச்சானுடன் போயிற்று.

"புலி எங்கன நிக்குதுன்னு பாக்காத கண்ணு. உன்ற ஆட்டுக்குப் பொறத்தால என்ன இருக்குதுன்னு பாரு" என்றார் அப்புச்சி.

அன்று மாலை பாறையில் அமர்த்தி அவர் காட்டியது இன்றும் மறக்கவில்லை. சட்டத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் ஆகிய ஆறு இடங்களிலும் கோடு முடிந்துவிடுகிறது. தாண்டிய புலி கால் ஊன்ற இடமில்லை. முதல் ஆறு ஆடுகள் அங்கே. மூலைகள் நிறைந்தால் அவற்றிடையே உள்ள ஓரப் புள்ளிகள் இரண்டும் பத்திரம். முனைகள் நிறைந்தால் அடிக்கோட்டின் உட்புள்ளிகள் இரண்டும் பத்திரம். ஆக, பத்து. பிறகு கீழ்க் குறுக்குக் கோட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரப்பலாம். ஒவ்வொரு புதிய ஆடும் முன்பே அமர்ந்த ஒன்றின்மேல் முதுகைச் சாய்த்து நிற்கிறது.

புலி சும்மா இருக்குமா? நாம் விரும்பும் இடத்தில் தானே வந்து அமர்ந்துகொள்ளும். அப்போது பதற்றம் வரும், வரக் கூடாது. உச்சிப் புலியை அடைக்க எட்டு ஆடுகள் வேண்டும். அடிமுனையில் வந்து அமர்ந்த புலியை அடைக்க நான்கே போதும். புலி மூலைக்கு வந்தால் வரட்டும் என்று இருப்பதே நல்லது. ஓர் ஆடும் சாகாமல் பதினைந்தும் இறங்கினால் எஞ்சும் காலியிடங்கள் ஐந்துதான். அதன்பின் ஓர் ஆட்டை நகர்த்துமுன், அது செல்லும் இடத்தை அல்ல, விட்டுச்செல்லும் இடத்தைப் பார்க்க வேண்டும். நாம் தோற்ற ஆட்டங்களில் பாதி அந்த ஒரு நகர்வில் தோற்றவை.

அண்மையில் தங்கை மகன் ஜெர்மானிய ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஊவே ரோசன்பெர்க் அமைத்து 2007-இல் வெளிவந்த 'அக்ரிகோலா'. இலத்தீனில் உழவன் என்று பொருள். குடும்பத்தில் இருவர், உழவுக்கோ விறகுக்கோ ஆளுக்கோர் இடத்தில் அவர்களை அமர்த்த வேண்டும், ஒருவர் அமர்ந்த இடம் அந்தச் சுற்றில் பிறருக்கில்லை. இரவு பதினொரு மணிவரை ஆடினோம். அறுவடை வரும்போது ஆளுக்கு இரண்டு உணவு இல்லையேல் பிச்சைச் சீட்டு! நாமோ உணவைப் பாராமல் அறை கட்டி ஆள் பெருக்கி, இரண்டு பிச்சைச் சீட்டுகள் வாங்கினோம். பழைய ஏழாவது ஆடுதான்.

மச்சானோடு நாம் 12 ஆண்டுகள் பேசவில்லை. பொதுக் கிணறு; தண்ணீர் முறையில் ஒரு நாள் வித்தியாசம். அதற்குமேல் எழுத நாணமாக இருக்கிறது. சென்ற ஆண்டு அம்மா கோவையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது, தம் அத்தையைப் பார்க்க அவர் வந்தார். இரவு துணைக்கு இருக்கவும் செய்தார். நடைக்கூடத்து நாற்காலிகளில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அமர்ந்திருந்தோம். நள்ளிரவுக்குமேல் நாம் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கோடுகள் போடத் தொடங்கினோம். கை தானாகப் போட்டது. மூன்றாவது குறுக்குக் கோட்டை இழுக்கும்போது அவர் நடு நாற்காலிக்கு மாறி அமர்ந்தார்.

மாத்திரைகளின் காலி உறைகளைக் கிழித்துப் பதினைந்து துண்டுகளாக்கினோம். புலிக்கு மூன்று நாணயங்கள். நாணயங்களை அவர் பக்கம் தள்ளினோம். அவர் அவற்றைத் திருப்பித் தள்ளினார்.

"இந்தவாட்டி ஆடு எனக்குங்க மாப்ள."

முதல் துண்டை எடுத்து அடிக்கோட்டின் இடது முனையில் வைத்தார்.