வெயிலுக்கு உரிய பங்கு

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் கிளம்பும் புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டியில் போய் நிற்கும்போது ஒரு மாரத்தான் தூரத்தைவிடச் சற்றே அதிகம் கடந்திருக்கும். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் வந்து போகும் அந்த வழி முழுவதையும் ஒருவர் காலால் ஓடிக் கடப்பதென்றால் என்ன என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற எவரும் எண்ணிப் பார்க்கலாம். மாதக்கணக்கில் பயிற்சி செய்து, அவ்வளவு தூரம் ஓடி, கடைசியில் கடிகாரம் காட்டும் நேரத்தைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. அந்த ஓட்டம் வெயிலில் நடந்திருந்தால் அவர்கள் தங்களைத் தாங்களே மிகக் கடுமையாகத் தீர்ப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. கடிகாரம் ஓடியவரை மட்டும் அளக்கவில்லை, அன்றைய காற்றையும் சேர்த்தே அளக்கிறது. காற்றின் பங்கைக் கழிக்காமல் அந்த நேரத்தை வாசிப்பது தவறான வாசிப்பு. வெயிலில் வந்த ஏமாற்றத்துக்கு முதல் மருந்து கணக்கு. ஆறுதல் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வகை வெயில் இருக்கிறது. கிழக்கே எண்ணூர்க் கழிமுகம், காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஏரி. நண்பகலைத் தாண்டினால் கடற்காற்று ஏறி வெப்பமானியைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், சட்டை உடம்போடு ஒட்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே திரும்பி, ஆரணியாற்றையும் பெரியபாளையத்தையும் கடந்து, பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கமாகத் திருவள்ளூரை அடைந்து, இன்னும் மேற்கே போனால் திருத்தணி. கோடைக்காலத்தில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் பெயர் அது. அங்கே வெப்பமானி 40 டிகிரியைத் தாண்டி நிற்கும், காற்று உலர்ந்திருக்கும். இரண்டு வெயிலும் ஓடுகிறவரை வதைக்கின்றன, வெவ்வேறு வழியில். வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, இன்று அப்படியொன்றும் வெயில் இல்லையே, பிறகு ஏன் என்னால் முடியவில்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் கடற்கரைப் பக்கத்துக் காற்றில் ஓடியவராகத்தான் இருப்பார்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஓட்டமாகிறது, மற்றதெல்லாம் சூடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் தூரத்தை முடிக்க எரிப்பது சுமார் 2,500 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 1,900 கலோரியாவது வெறும் வெப்பமாக வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அதாவது மூன்று லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டுவது கணக்கில் வராது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஈரக்காற்றில் வியர்வை சொட்டுகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. உடம்பு நீரையும் இழக்கிறது, குளிர்ச்சியும் பெறுவதில்லை. இதற்கிடையில் தோலைக் குளிர்விக்க இரத்தம் அங்கே போக வேண்டும், அதே இரத்தம் கால் தசைகளுக்கும் வேண்டும். இதயம் இரண்டு பக்கமும் ஈடுகொடுக்க முயன்று துடிப்பைக் கூட்டுகிறது. நேற்று எளிதாக இருந்த வேகம் இன்று மூச்சு முட்டவைப்பதன் காரணம் இதுதான். ஒரு கட்டத்தில் மூளையே காலைத் தளர்த்தச் சொல்கிறது. அந்தத் தளர்ச்சியை மனவுறுதியின் குறை என்று எடுத்துக்கொள்கிறோம். அது உயிரைக் காக்கும் ஏற்பாடு.

இதற்கு நம் நாட்டில் எல்லோரும் பார்த்த ஒரு சாட்சி உண்டு. கேரளத்தின் வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா, 2015இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் முடித்துத் தேசிய சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று ரியோ ஒலிம்பிக்கில், காலை 9.30க்குத் தொடங்கிய ஓட்டத்தில், 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் 89ஆவதாக வந்தார். கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிறகு எழுந்த சர்ச்சை எல்லாம் தண்ணீர்ப் புட்டிகளைப் பற்றியது. இந்தியாவுக்கான மேசைகளில் யாரும் இல்லை, எதுவும் இல்லை என்றார் ஜெய்ஷா. தனிப்பட்ட பானம் வேண்டாம் என்று அவரும் பயிற்சியாளரும்தான் சொன்னார்கள் என்றது தடகளக் கூட்டமைப்பு. மத்திய அரசு விசாரணைக் குழு அமைத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இதுவல்ல. நான் கவனிப்பது வேறொன்றை. அவ்வளவு பேச்சிலும் அந்த 12 நிமிடம் 36 விநாடி வித்தியாசம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. வெயிலிலும் தாகத்திலும் நினைவு தப்பும் எல்லை வரை போய் ஓட்டத்தை முடித்த ஒருவருடைய நேரத்தை, தயாராக வந்து தாகம் தணித்து ஓடிய ஒருவருடைய நேரத்தோடு ஒரே பட்டியலில் வைத்து, 89ஆவது இடம் என்று மட்டும் படித்தோம். பட்டியலுக்கு அவ்வளவுதான் தெரியும். நமக்கு அதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டும்.

உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. எல்லோரும் அதே வெயிலில்தானே ஓடினார்கள், ஒருவர் ஜெயிக்கத்தானே செய்தார்? நியாயமான கேள்வி. முதலில், ஜெயித்தவரும் வெயிலுக்குக் கப்பம் கட்டியிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வெப்பத்துக்குப் பயந்து சப்போரோ நகரத்துக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்ட் 7 அன்று பெண்கள் ஓட்டத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக, காலை 6 மணிக்கே தொடங்கினார்கள். அப்படியும் தங்கம் வென்ற பெரெஸ் ஜெப்சிர்சிர் எடுத்துக்கொண்ட நேரம் 2:27:20. எட்டு மாதங்களுக்கு முன் வாலென்சியாவின் குளிர்காலத்தில் அவர் ஓடியது 2:17:16. பதக்க ஓட்டத்தில் தந்திரமாக மெதுவாக ஓடுவதும் உண்டு, ஆகவே பத்து நிமிடத்தையும் வெயிலின் தலையில் கட்ட முடியாது, பெரும்பங்கைக் கட்டலாம். 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தியும் கிளம்பிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள்.

இரண்டாவது பதில் இதைவிட முக்கியமானது: வெயில் எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. உடல் பருத்தவருக்கு உள்ளே உண்டாகும் சூடு அதிகம், அதை வெளியேற்றும் தோல்பரப்பு அதே விகிதத்தில் அதிகமில்லை. மெதுவாக ஓடுகிறவர் அதிக நேரம் வெயிலில் நிற்கிறார். மாரத்தான் நேரங்களையும் வானிலையையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சூடு ஏற ஏற எல்லோரும் தாமதிக்கிறார்கள், பின்வரிசைக்காரர்கள் இன்னும் கூடுதலாகத் தாமதிக்கிறார்கள் என்று காட்டியது. சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரி மாதத்தில், விடியும் முன்பே தொடங்குகிறது. முன்னால் ஓடுகிறவர்களுக்குச் சூரியன் ஒரு பிரச்சினையே இல்லை. ஐந்து, ஐந்தரை மணி நேரம் எடுக்கிறவர் கடைசிப் பத்து கிலோமீட்டரை முழு வெயிலில் ஓடுகிறார். இருவரும் ஓடியது ஒரே நாளில், ஒரே சாலையில். ஒரே வானிலையில் அல்ல.

மற்றொரு மறுப்பு நம் ஊருக்கே உரியது. நாம் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கென்ன வெயில் என்பார்கள். உடம்பு வெயிலுக்குப் பழகுவது உண்மை. ஆனால் அது பிறப்பால் வருவதில்லை, அண்மைக்காலப் பழக்கத்தால் வருகிறது. பத்துப் பதினைந்து நாள் சூட்டில் உடலை வருத்தினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்புக் குறையும். சில வாரங்கள் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இரும்பை உருக்கும் தூண்டல் உலைகளும், கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களும் நிறைந்த இடம் அது. உலையடியில் நிற்கிற தொழிலாளியின் உடம்பும், அதே வளாகத்தில் குளிரூட்டிய அறையில் கணினிமுன் உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் ஒரே வெயிலின் பிள்ளைகள் அல்ல. பின்னவர் ஏசி அறையிலிருந்து ஏசி காரில் வீட்டுக்குப் போய், அதிகாலைக் குளிர்ச்சியில் மட்டும் பயிற்சி செய்துவிட்டு, ஒன்பது மணி வெயிலில் தன் உடம்பு ஏன் ஒத்துழைக்கவில்லை என்று வருந்தினால், அவர் பிறந்த ஊர் அதற்கு உதவாது. உலையடியில் நிற்பவரையும் சட்டம் வெறும் பழக்கத்தின் கையில் விட்டுவிடவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில்காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. உழைக்கும் உடம்புக்கு ஒப்புக்கொண்ட உண்மையை ஓடும் உடம்புக்கு மறுப்பது எந்த நியாயம்?

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. இப்படிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் தோற்றவர் எல்லோருக்கும் ஒரு சாக்குக் கிடைத்துவிடும். பயிற்சிக் குறைவையும் வெயில்மேல் போட்டுவிடுவார்கள். இந்த ஆபத்து இருக்கிறது. ஆனால் கணக்கு நேர்மையாக இருந்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும். கழிக்கும் அளவை ஓட்டத்துக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்: முந்தின நாள் வானிலை அறிக்கையைப் பார்த்து, நாளை இவ்வளவு வெப்பம், இவ்வளவு ஈரம், ஆகவே என் இலக்கு இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவைத்த பிறகும் முதல் பத்து கிலோமீட்டரைப் பழைய வேகத்திலேயே ஓடிக் களைத்திருந்தால், அது வெயிலின் குற்றமல்ல, ஓடியவருடைய குற்றம். பயந்து தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாறினாலும் அப்படியே. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதேபோல் குளிர்ந்த நாளில் கிடைத்த நல்ல நேரத்திலும் குளிருக்கு உரிய பங்கைக் கழிக்கத் தயாராக இருக்க வேண்டும். சாக்குத் தேடுகிறவர் இந்தப் பகுதிக்கு வரவே மாட்டார்.

கணக்கை ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு ஷிசோ கனகுரியின் வாழ்க்கை நல்ல பதில். 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் 30 டிகிரியைத் தாண்டியது; கிளம்பியவர்களில் பாதிப்பேர் முடிக்கவில்லை. வெயில் படாமலிருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடிய போர்ச்சுக்கல் தச்சர் பிரான்சிஸ்கோ லாசரோ, வியர்வை வெளியேற வழியின்றிச் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். ஜப்பானின் கனகுரி பாதி வழிக்கு மேல் நினைவு தடுமாறி, ஒரு வீட்டில் தாகம் தணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விலகிவிட்டார். அவமானம் அவரைத் தின்றது. ஆனால் தன்னை உறுதியற்றவன் என்று முடிவு கட்டிவிடவில்லை. நாடு திரும்பியதும் போசோ கடற்கரையில் கடும் கோடையில் வேண்டுமென்றே ஓடி வெயிலுக்கு உடம்பைப் பழக்கினார். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 16ஆவதாக வந்தார். இன்றும் ஜப்பான் முழுவதும் பார்க்கும் ஹகோனே தொடரோட்டம் அதே ஆண்டில் பிறந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1967இல் ஸ்டாக்ஹோம்காரர்கள் அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கவைத்தார்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 54 ஆண்டு ஓட்டம் என்ற அந்தக் கடைசி நிகழ்ச்சியை. எனக்குப் பெரிதாகத் தெரிவது போசோ கடற்கரைதான். தோற்கடித்தது எது என்று அவர் சரியாகப் பெயர் சொன்னதால்தான் எதைப் பயில வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு ஏமாற்றம் மனதோடு போய்விடும். வேலைக்காக ஓடுகிறவர்களுக்கு அப்படியல்ல. காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் இளைஞர்களை இந்த மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வின் 1,500 மீட்டர் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஓட்டத்தில் உடம்பு பெரிதாகச் சூடேறாது, முறை வரும்வரை வெயிலில் காத்திருப்பதுதான் பாதிக்கும். ஜார்க்கண்டில் 2024இல் நடந்தது வேறு. கலால் காவலர் வேலைக்கு ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக 12 பேர் வரை இறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓடவிடக் கூடாது என்று முதலமைச்சர் பின்னர் உத்தரவிட்டது எதை உணர்த்துகிறது? அதற்குமுன் விடியலில் ஓடியவருக்கும் ஏறிய வெயிலில் ஓடியவருக்கும் வரம்பு ஒன்றேதான். இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வந்தது. தாமதமாகக் கூப்பிடப்பட்டு ஒரு நிமிடத்தில் வேலையை இழந்து, குறை தன்னுடையதே என்று நம்பிக்கொண்டு வீடு திரும்பியவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த அதே வயது இளைஞர்கள்தான் கும்மிடிப்பூண்டி உலைகளில் நிற்கிறார்கள் என்பதால், இது எங்கோ நடந்த கதையாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஓட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருநாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் திங்களூரில் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. இன்றும் சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போடாத ஊர் குறைவு. தண்ணீரை யாரும் மறப்பதில்லை. மறப்பது எழுதிவைப்பதைத்தான். திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ அடுத்த ஓட்டம் நடக்கும்போது, சான்றிதழில் நேரத்துக்குப் பக்கத்தில் தொடங்கியபோதும் முடித்தபோதும் இருந்த வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் அச்சிடலாம். வேலைக்கான தேர்வு என்றால், எந்தக் குழு எத்தனை மணிக்கு, எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதைத் தேர்வுப் பட்டியலோடு வெளியிடலாம். ஒரு வெப்பமானி, ஒரு ஈரமானி, குறித்து வைக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.