ஓலை சுமந்த பிள்ளை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனால், அருச்சுனன் தபசுப் பாறையில் அவர்களை இழுத்து நிறுத்துவது ஒரு பூனை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கிற பாறை அது. தேவர்கள், கின்னரர்கள், நிஜ யானை அளவுக்கு யானைகள். அந்த யானைகளுக்குப் பக்கத்தில் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி பூனை தவம் செய்கிறது. காலடியில் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் பார்த்து அப்படியே நடிக்கிறது. மகாபாரதத்தில் வரும் போலித் தவப் பூனையைத்தான் சிற்பி இங்கே நிறுத்தியிருக்கிறான்.

அதன் குணம் பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டுவிடுகிறது. எலியைத் தின்னப் போகிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடக் கதைக்கு அந்தப் பூனை தாராளம். முந்நூறு பக்க நாவலோடு உட்காரும் பிள்ளைக்கு அது காணாது. முதல் பக்கத்தில் இருந்தபடியே கடைசிப் பக்கத்திலும் இருக்கிற ஆளோடு அவ்வளவு தூரம் நடக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதும் நியாயமில்லை.

இதே மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது ‘சிவகாமியின் சபத’த்தின் கதைமாந்தர்கள் தம் மனக்கண்ணில் தோன்றியதாகக் கல்கி எழுதியிருக்கிறார். 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த நாவல். சிறுவர்களுக்கென்று எழுதியதல்ல. ஆனாலும் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முதன்முதலாகப் படித்து முடித்த பெரிய நாவல் கல்கியுடையதாகத்தான் இருக்கும். போர், மாறுவேடம், ஒற்றர்கள் எல்லாம் இழுக்கத்தான் செய்கின்றன. பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பது, என்னைக் கேட்டால், பரஞ்சோதிதான்.

படிப்பு ஏறாத கிராமத்துப் பையன். கல்வி கற்கத்தான் காஞ்சிக்கு வருகிறான். வந்த அன்றே, மதம் கொண்டு ஓடிவரும் யானை மீது யோசிக்காமல் வேலை எறிகிறான். சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் பிழைக்கிறார்கள். அவன் சிறைக்குப் போகிறான். பிறகு அஜந்தா வர்ண ரகசியத்துக்கான ஓலை என்று நம்பி, எதிரி மன்னன் புலிகேசிக்கு எழுதப்பட்ட ஓலையைச் சுமந்துகொண்டு வடக்கே குதிரையில் போகிறான். வழியில் அவன் தூங்கும்போது, வஜ்ரபாகு என்ற பெயரில் மாறுவேடத்தில் வரும் பல்லவ மன்னர் மகேந்திரர் ஓலையை மாற்றிவிடுகிறார். அதுவும் அவனுக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். “அத்தை, அந்த ஓலையில என்ன இருக்குன்னு அவன்கிட்ட யாராவது சொல்லக் கூடாதா?” முகத்தில் நிஜமான பதைப்பு. பரஞ்சோதி எல்லாம் தெரிந்தவனாக வந்திருந்தால் அந்தப் பதைப்புக்கு இடமே இல்லை. அவனுடைய அறியாமையும் அவசரமும்தான் கதையை நகர்த்துகின்றன. அடிபட்டு அடிபட்டுத்தான் அவன் மகேந்திரரின் மகன் மாமல்லருக்குத் தோழனும் தளபதியும் ஆகிறான். புலிகேசியின் தலைநகர் வாதாபியை வென்ற பிறகு, வாளை வைத்துவிட்டுச் சிவத்தொண்டுக்குப் போகிறான். இந்தப் பரஞ்சோதிதான் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர். அவருடைய வாதாபிப் போரைச் சேக்கிழார் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அங்கே ஏற்கெனவே பெரியவராக இருப்பவரைக் கல்கி பின்னோக்கிக் கொண்டுபோய், ஒன்றும் தெரியாத பையனாக நம் முன் நிறுத்தினார். அந்த யோசனைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

சிறுவர்களுக்கு என்றே எழுதும்போது, நாயகனை இப்படி ஒன்றும் தெரியாதவனாக நிறுத்தத்தான் நாம் பயப்படுகிறோம். முதல் அத்தியாயத்திலேயே நாயகன் வகுப்பில் முதல் மாணவன், பெரியவர் சொல் தட்டாதவன். கடைசியில் கலெக்டர் கையால் பரிசு. அப்படிப்பட்ட பையனைப் பற்றி எந்தப் பிள்ளையும் ஓடிவந்து ஒன்றும் கேட்பதில்லை.

வளர்ச்சி என்றால் நல்லவனாக ஆவதுதான் என்றும் நான் நினைக்கவில்லை. ஆர்.கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் சுவாமிநாதன் திருந்துவதே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிறான், காட்டில் வழி தவறுகிறான், அவனை நம்பியிருந்த கிரிக்கெட் ஆட்டத்தைத் தவறவிடுகிறான். நண்பன் ராஜம் பேச்சை நிறுத்திவிடுகிறான். ராஜம் ஊரை விட்டுப் போகும் ரயில் புறப்படும் நேரத்தில், ஆண்டர்சன் கதைப் புத்தகத்தை அவனிடம் சேர்க்கச் சுவாமி தவிக்கிறான். ராஜம் மன்னித்தானா என்பது சுவாமிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தன்னால் கெட்ட ஒன்றைச் சரிசெய்ய முடியாமலும் போகலாம் என்று தெரிந்துகொண்ட பையன் பழைய பையன் இல்லை. நாராயண் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியாது என்பவர்கள், சிநேகிதனோடு ‘டூ’ விட்ட பிள்ளையின் முகத்தைச் சற்று நேரம் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருப் பெண் இப்போது நான்காம் பாகத்தையும் முடித்துவிட்டாள். பரஞ்சோதி போரை விட்டுப் போனது சரி என்பது என் கட்சி. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அவ்வளவு நாள் கூடவே இருந்துட்டு மாமல்லரைத் தனியா விட்டுட்டுப் போலாமா அத்தை?” என்கிறாள். இரண்டு வாரமாகச் சண்டை நடக்கிறது.