காப்பு

இருபது வருடங்களுக்கு முன்பு, மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ஒரு தொழில்நுட்பக் கட்டுரையில் 'இன்சுலேஷன்' என்ற சொல்லைப் 'பாதுகாப்பு' என்று எழுதிவிட்டேன். ஒரு வாரத்தில் வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. 'டிரான்ஸ்பார்மருக்குப் போலீஸ் பாதுகாப்பா, அம்மணி? காப்பு என்று எழுதுங்கள்.' தமிழில் முதுகலை படித்தவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லை உடனே திருத்திக்கொண்டேன். அதன் பொருள் விளங்கியது சென்ற ஆண்டுதான்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், கல்லூரிக் கண்காட்சிக்கு உயர் அழுத்த டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தானே சுற்றப்போவதாக அறிவித்தான். நிமிர்ந்து நிற்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்பொறி ஏணி ஏறுவதுபோல் மேலே போக வேண்டும். வேண்டிய சாமான்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தன. முதல் வரி பெர்ரைட் கோர். கடைசி வரி இன்சுலேஷன்; அதற்குப் பக்கத்தில் 'ஏதாவது டேப்'.

அல்சூரில் மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தோம். சாதர் பத்ரப்பா ரோடு என்றால் பெங்களூரில் பலருக்குத் தெரியாது, எஸ்.பி. ரோடு என்றால் ஆட்டோக்காரர் யோசிக்காமல் கொண்டுபோய் விடுவார். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ இந்த ஊருக்கு இது அப்படி. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எதுவானாலும் ஏதாவது ஒரு சந்தில் கிடைத்துவிடும்.

"எந்த சைஸ்?" என்றார் கடைக்காரர். "ஈ.டி.டி. 39" என்றான் மகன். டப்பாவிலிருந்து இரண்டு கறுப்புத் துண்டுகள் வந்தன. "எந்த கிரேடு?" என்று கேட்டோம். "ஒரிஜினல் கிரேடு, மேடம்" என்றார். இன்சுலேஷனுக்கு? வீட்டு ஒயரிங்குக்குச் சுற்றும் பி.வி.சி. டேப் ஒரு சுருள் மேஜைமேல் வந்து விழுந்தது. அடுத்த சந்தில் ஒரு பழைய சாமான் கடையில், மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர் கிடந்தது. "இதை எடுத்துக்கிட்டா எதையும் சுத்தவே வேணாம்" என்றார் அந்தக் கடைக்காரர். மகன் கண்களில் வெளிச்சம். விலையும் குறைவு. மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். என்.ஜி.இ.எஃப். தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவில் இருந்தவர். அன்றைய மைசூர் அரசு ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய தொழிற்சாலை அது. பையப்பனஹள்ளிப் பக்கம் டிரான்ஸ்பார்மர்களும் மோட்டார்களும் செய்து ஊருக்கே சோறு போட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அங்கே கற்ற வித்தை இப்போது இவரைப் போன்றவர்களின் விரல்களில்தான் மிச்சமிருக்கிறது.

பையைத் திறந்ததும் பெரியவர் மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரைத் தனியே எடுத்து வைத்தார்.

"இதைத் திருப்பிக் குடுத்துடும்மா. காசு தரலேன்னாலும் பரவாயில்லை."

"ஏன் தாத்தா?" என்றான் மகன்.

"டி.வி. பொட்டியிலே வோல்டேஜ் ஜாஸ்தி, கரண்ட் கம்மி. இதிலே 2,000 வோல்ட்டும் வரும், ஆளைக் கொல்ற கரண்டும் வரும். உங்க வீட்டுலே கசிவைக் கண்டுபிடிக்கிற சுவிட்ச் இருக்கில்லே, அதுக்கு இந்தப் பக்கம் நடக்கிறது தெரியவே தெரியாது. அது விழறதுக்குள்ளே நீ விழுந்துடுவே."

பிறகு நானே படித்துப் பார்த்தேன். இதே டிரான்ஸ்பார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடும் பொழுதுபோக்கு ஒன்று வெளிநாடுகளில் பரவியிருக்கிறது. அதில் முப்பது பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. இறந்தவர்களில் பலர் கைத்தொழில் தெரிந்தவர்கள்.

அடுத்து கோர். பெர்ரைட் பார்க்கக் கரித்துண்டு போல இருந்தாலும் ஒருவகைப் பீங்கான். இரும்பு ஆக்ஸைடோடு மாங்கனீசும் துத்தநாகமும், அல்லது நிக்கலும் துத்தநாகமும் கலந்து சூளையில் சுடுவது. 1930-களில் டோக்கியோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை விற்பதற்கென்றே 1935-இல் தொடங்கியதுதான் டி.டி.கே. நிறுவனம். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதற்கு இரும்புத் தகடு போதும். சுழற்சி ஆயிரக்கணக்கில் போனால் இரும்புக்குள்ளேயே மின்சாரம் சுழித்துச் சூடேறும். பெர்ரைட்டில் மின்சாரம் எளிதில் ஓடாது என்பதால் அது தாங்கும். ஆனால் எல்லாப் பெர்ரைட்டும் ஒன்றல்ல. பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு.

பெரியவர் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கோரின் மேல் வைத்தார். முள் கொஞ்சம் அசைந்தது. "மாங்கனீசுதான். நிக்கலா இருந்தா அசையாது. இதுக்கு மேலே எனக்கும் தெரியாது. தயாரிச்சவன் பேரும் கிரேடும் போட்ட அட்டையோட வாங்கு. பேர் தெரியாததைச் சுத்திட்டு, சூடாகுதேன்னு அழாதே."

கடைசியாக டேப்பை எடுத்தார். சிரிக்கவில்லை.

"கோருக்கு நாலு கடை ஏறினீங்க. இதுக்கு எத்தனை கடை ஏறினீங்க?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதை என் பாஷையில் சுருக்குகிறேன். காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வரை தாங்கும். முனை கூராக இருந்தால் அதுவும் தாங்காது. ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே பாலியெஸ்டர் படலம் வர வேண்டும். அடுக்கின் இரு ஓரத்திலும் கம்பியில்லாமல் இடம் விட வேண்டும். உயர் அழுத்தம் தாண்ட முடியாத இடத்தில் பரப்பின் மேல் ஊர்ந்து போகும். காப்புக்குள் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் முதலில் அதற்குள்தான் பொறி பாயும், கண்ணுக்குத் தெரியாமல். சுற்றியுள்ள காப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். இன்று சோதித்தால் நன்றாக இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் போய்விடும். பெரிய டிரான்ஸ்பார்மர்களில் காகிதத்தை வெற்றிடத்தில் உலர்த்தி எண்ணெய் நிரப்புவது ஈரமும் குமிழியும் இல்லாமல் செய்யத்தான்.

"காயில் சுத்தறது யாரும் சுத்தலாம்மா. காப்புதான் வேலை" என்றார்.

அந்த அஞ்சலட்டை ஞாபகம் வந்தது. எங்கள் படிப்பில் காப்பு என்றால் நூலின் முதலில் வரும் செய்யுள். எடுத்த காரியம் இடையில் முறியாமல் இருக்க, மற்ற எதையும் சொல்வதற்கு முன் சொல்வது. மகனின் துண்டுக் காகிதத்தில் அது கடைசி வரியில் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்பு என் கட்டுரையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். கிரேடு அச்சிட்ட அட்டையோடு புதிய கோரும், பாலியெஸ்டர் படலமும் வந்தன. இரண்டு நிபந்தனைகள் போட்டேன்: மின்சாரம் கொடுப்பது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மட்டும், ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று மாலைகள் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றினான்.

முதல் சோதனையில் ஏணி ஏறவில்லை. ஒரு ஓரத்தில் இடம் குறைவாக விட்டிருந்தான்; பொறி அங்கேயே ஊர்ந்து, படலத்தில் கறுப்புக் கோடு போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டான். பிறகு புதிதாக ஒரு காகிதம் எடுத்து மறுபடியும் பட்டியல் எழுதினான். எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் காப்பு என்று தமிழிலேயே எழுதியிருந்தான்.